ஒரு சாண் போர்டுக்கு மூன்று பேர்

மதிப்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் அக்காளும், கம்ப்யூட்டர் கடையும் நலம். இதில் நான் என்பது இடது கடைவாய்ப் பல் ஒன்று நீங்கலாக நலம். தங்கள் அக்காள், என்னோடு பேசுவதில்லை என்பது நீங்கலாகப் பரம சௌக்கியம். தங்கள் வீட்டிலும் அனைவரும் இதைவிட நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை பார்ப்பவர். தங்களுக்கு அட்டைப்பெட்டிகளைத் தெரியும், அவற்றை வாங்க வரும் மனிதர்களைத் தெரியாது. நான் கடை போட்ட காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் பீரோ மாதிரி இருக்க வேண்டும், "பெரிசா இருந்தாத்தான் சார் வேலை செய்யற மாதிரி இருக்கு" என்பார்கள். இப்போது வருகிறவர்கள் எல்லாம் செருப்புப் பெட்டி அளவில் கேட்கிறார்கள், ஆனால் உள்ளே யானை பலம் வேண்டுமாம். அத்தனை பலத்தையும் தாங்கும் மதர்போர்டோ ஒரு சாண்கூட இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இந்தக் கடுகு சிறுக்கச் சிறுக்க விலையும் ஏறுகிறது, ஆளும் கூடுகிறது. அதனால்தான் உசத்தியான சின்ன போர்டு பத்து அனுப்பச் சொன்னேன். தாங்கள் ஒன்று அனுப்பினீர்கள். பத்துப் பேர் நிற்கும் பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு சைக்கிளை அனுப்பியது போல. அதையும் நான் கண்ணாடி அலமாரியில், எல்லோர் பார்வையும் படும்படி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் அதைப் பார்த்தவர் எதிர்க் கட்டட மாடியில் இருக்கும் பல் டாக்டர். தாடை எலும்பைத் திரையில் இப்படியும் அப்படியும் சுழற்றிக் காட்ட வலுவான கம்ப்யூட்டர் வேண்டும், ஆனால் அவர் அறையில் நாற்காலியும் நோயாளியும் டாக்டரும் போக ஒரு தலையணை வைக்கத்தான் இடம். நானே அந்த நாற்காலியில் பாதி முடிந்த ரூட் கெனாலோடு கிடந்தேன். வாயில் பஞ்சு, உறிஞ்சு குழாய், அவருடைய இரண்டு விரல். அந்த நேரம் பார்த்து, "அந்தச் சின்ன போர்டு எனக்குத்தானே சார்?" என்றார். "இல்லீங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் நான் சொன்னேன். வெளியே வந்தது "ஆ" மட்டும். "ரொம்ப சந்தோஷம்" என்று தற்காலிகமாக அடைத்துவிட்டு, "போர்டு கைக்கு வரட்டும், மீதிப் பல்லைப் பார்த்துடலாம்" என்று அனுப்பிவைத்தார். பல்லைப் பிணையாகப் பிடித்து வைத்த கதையைத் தாங்கள் எங்காவது கேட்டதுண்டா?

அடுத்தவர் கப்பல்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர், விடுமுறை முடிந்து சனிக்கிழமை திரும்பிப் போக வேண்டும். பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போகிற மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டருக்கு எல்லாச் சாமானும் வாங்கிவிட்டார், போர்டு ஒன்றுதான் பாக்கி. தினமும் வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். வாடிக்கையாளர்கள், யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். பொறுக்க முடியாமல், "சரி தம்பி, உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது ஆள் உன் அக்காள். (இதற்கு மேல் 'தாங்கள்' வரமாட்டேன் என்கிறது, பொறுத்துக்கொள்.) வீட்டில் வீடியோ எடிட்டிங் செய்கிறாளே, அந்தக் கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி ஒரு நாற்காலி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "என் கூடப்பொறந்தவன் அனுப்பினது. எனக்கு இல்லாம யாருக்கு?" என்றாள். கேள்வியென்றால் பதில் சொல்லலாம். தீர்ப்புக்கு என்ன சொல்வது? தலையை ஆட்டினேன்.

இப்படி ஒரு போர்டை மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, யார் கையிலும் சிக்காமல் இருக்கட்டும் என்று போர்டை மட்டும் உறையோடு எடுத்து, மூலையில் தூசி படிந்து கிடந்த பெரிய கேபினெட்டுக்குள், அதுதான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் வெறும் இரும்புப் பெட்டிக்குள், வைத்து மூடினேன். அதன் காலி அட்டைப்பெட்டியை அலமாரியிலேயே வைத்தேன். அந்தப் பெரிய கேபினெட்டை இந்த ஜென்மத்தில் ஒருவரும் சீண்டமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் ஒரு பெரியவர் நேராக அதனிடம் போய்க் காற்றுத் துளைகளைத் தடவிப் பார்த்து, "காத்து நல்லா வருமா?" என்றார். "புயலே வரும் சார்!" என்றேன். "உள்ள ஒண்ணும் வேணாம், பெட்டி மட்டும் போதும்" என்றார். பெரிசு கேட்டு ஒருவர் வந்துவிட்டாரே என்ற ஆனந்தத்தில் நானே தூக்கிக்கொண்டு போய் அவர் வண்டியில் கட்டிவிட்டேன். "தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால நம்ம வீடு. புறாக்காரர்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கப்பல்காரர் டாக்சியோடு வந்து இறங்கினார். அவரைப் பார்த்துவிட்டு மாடியிலிருந்து டாக்டர் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். பின்னாலேயே சாப்பாட்டுக் கூடையோடு உன் அக்காள்.

"அண்ணே, எனக்குத்தான்னு சொன்னீங்களே!"

"எனக்கும் சொன்னார். வாயைத் திறந்து சொன்னார்" என்றார் டாக்டர்.

உன் அக்காள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. முதலில் போர்டைக் காட்டுவோம், சண்டையை அப்புறம் பார்ப்போம் என்று மூலையைப் பார்த்தேன். மூலையில் கேபினெட் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி இல்லாத தரை தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் நான்கு பேரும் அந்த டாக்சியிலேயே பாய்ந்து ஏறினோம். "டாக்டர், உங்க பேஷன்ட்?" என்றேன். "மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன், அது பிடிக்க நேரமாகும்" என்றார். வழியில் உன் அக்காள் கப்பல்காரரைப் பிடித்துக்கொண்டாள். "நடுக்கடல்ல உங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்?"

"சின்னதுதான் அக்கா."

"சரி, சின்னது. எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் வீட்டுக்காரியும் ஒரு கேம் விளையாடுவோம். அதுல ஒரு ஊர் கட்டறோம். கப்பல்ல நெட் லைன் கிடைக்கும்போது நான் கொஞ்சம் கட்டுவேன், இங்க அவ கொஞ்சம் கட்டுவா. போன தடவை கொண்டுபோன லேப்டாப் சூட்டுல நின்னுபோச்சு. அந்த ஊர்ல ஆறு மாசம் அவ தனியாவே இருந்தா."

உன் அக்காள் டிரைவரிடம், "கொஞ்சம் வேகமாப் போங்க" என்றாள்.

புறாக்காரர் வீட்டு மொட்டை மாடியில் என் கேபினெட் படுக்க வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, உன் போர்டின் மேல், அளவெடுத்துச் செய்தது போல ஒரு புறா. "சத்தம் போடாதீங்க, இப்பத்தான் மனசு ஒத்து உள்ள போயிருக்கு" என்று கிசுகிசுத்தார் பெரியவர். "உக்காரத் தட்டு வெச்சே குடுத்தீங்களே, அதுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

புறாவை எழுப்பப் பெரியவர் கெஞ்சினார், நான் மிரட்டினேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கடைசியில் உன் அக்காள் குனிந்து, "எழுந்திரு" என்றாள். எழுந்துவிட்டது. நானும் எழுந்து நின்றேன்.

போர்டை எடுத்துப் பார்த்தால் உறை கிழிந்திருக்கிறது, ப்ராசஸர் உட்காரும் இடத்தின் மூடியைக் காணோம், உள்ளே மயிரிழை மாதிரி இருக்கும் ஊசிகளில் ஒன்று அலகு பட்டு மடங்கிக் கிடக்கிறது. கப்பல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நெற்றியில் கிடந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார், கோட்டுப் பையிலிருந்து ஒரு வளைந்த கம்பியை எடுத்தார், போர்டின் மேல் குனிந்தார், பழக்க தோஷத்தில் "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். நாங்கள் மூச்சு விடவில்லை. ஊசி நிமிர்ந்தது.

போர்டு அவர் கையில். எடுத்துக்கொண்டு போயிருந்தால் யார் கேட்பது? கப்பல்காரரிடம் நீட்டினார். "நாள் பூரா யாரையும் பேசவிடாம வாயைத் திறந்து வெச்சிருக்கறவன் நான். நீங்க ரெண்டு பேராவது பேசிக்குங்க" என்றார். உன் அக்காளும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்திரமாப் போயிட்டு வாங்க தம்பி" என்றாள். டாக்சி அவரை ஏற்றிக்கொண்டு பறந்தது. நான் அது மறையும்வரை கையை ஆட்டி வழியனுப்பினேன். அது அவருடைய டாக்சி என்பதும், நாங்கள் மூவரும் வெயிலில் நடக்க வேண்டும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த நடையில்தான் நான் யார் யாருக்கு என்னென்ன வாக்குக் கொடுத்தேன் என்பதை டாக்டர் உன் அக்காளுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் மௌனம். என் பல்லில் வைத்த அடைப்பும் விழுந்துவிட்டது. டாக்டர், "போர்டு வரட்டும்" என்கிறார்.

இவ்வளவுக்கும் யார் காரணம்? பத்து கேட்டவனுக்கு ஒன்று அனுப்பிய நீ! உனக்குப் பொறுப்பு இருக்கிறதா? கூடப்பிறந்தவள் மேல் பாசம் இருக்கிறதா? கடிதம் கண்டதும் கிடங்கில் இருக்கும் சின்ன போர்டுகள் அத்தனையையும் அனுப்பிவை. தவறினால் உன் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன்.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சகல செல்வங்களோடும் சகல பற்களோடும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அக்காள் கணவன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் பார்சல் வந்து இறங்கியது. ஒரு வண்டி நிறையச் சின்ன போர்டு. நான் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்ட உன் பொறுப்பை மெச்சுகிறேன். உடனே டாக்டரிடம் ஓடினேன். "அடுத்த மாசம் இதைவிடச் சின்னது வருதாமே சார், அதுக்கே காத்திருக்கேன்" என்கிறார். உன் அக்காள் மௌனத்தைக் கலைத்து, "எனக்கெதுக்கு? அந்தப் பெரிய பெட்டி மேல துணியை மடிச்சு வெச்சா அந்தச் சூட்டுக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு" என்கிறாள். புறாக்காரர் நண்பர்கள் நான்கு பேரைக் கூட்டி வந்து வாசலில் நிற்கிறார், எல்லோருக்கும் பெரிய கேபினெட்தான் வேண்டுமாம். ஆகையால் மேலே உன்னைத் திட்டியதை எல்லாம் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போர்டுகளைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.