கடைசி பெஞ்சுக் கண்டக்டர்

தனியார் பள்ளியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தபோது, கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிய ஆசாமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ட்ரிப் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு ஓடினார்.

"சார், உங்க பொண்ணு வகுப்புல உட்காரவே மாட்டேங்கறா," என்றார் இரண்டாம் வகுப்பு டீச்சர். "வாசல்ல நின்னுக்கிட்டு 'உள்ள போ, நடுவுல இடம் இருக்கு'ங்கறா. டிக்கெட் வாங்காத பசங்கள உட்கார விடறதில்ல. நேத்து என்னையும் விடல."

கண்டக்டருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் பெருமைப்பட அது இடமில்லை.

வீட்டுக்கு வந்து, மகள் எடுத்து வைத்திருந்த தன் விசிலைப் பிடுங்கி வைத்தார். மறுநாளே அவள் விரலை மடித்து வாயில் வைத்து ஊதக் கற்றுக்கொண்டாள். அது பழைய விசிலைவிடச் சத்தமாகக் கேட்டது.

டீச்சர் தன் பங்குக்கு அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். பாவம், பஸ்ஸில் போய்ப் பழக்கமில்லாதவர் போலிருக்கிறது. கண்டக்டர் சீட்டே பின்வாசல் பக்கம்தானே. அங்கிருந்து மொத்த வகுப்பும் அவள் பார்வைக்குள் வந்துவிட்டது.

"பொறுப்பு குடுத்தா அடங்கிடுவா டீச்சர். லீடராக்கிப் பாருங்க," என்றார் கண்டக்டர்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். லீடரானவள் இரட்டை விசில் கொடுத்தாள். பிள்ளைகள் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார்கள். டீச்சர் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு புகார் வந்தா நாங்களே டி.சி. குடுத்துடுவோம். நடத்தை சரியில்லைன்னு எழுதித்தான் குடுப்போம்."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இதைக் கேட்டுக் கலங்கிப்போனாள். "அப்படி எழுதிட்டா வேற எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்க? நாமளே முந்திக்கிட்டு டி.சி. வாங்கிடலாங்க. அரசுப் பள்ளியில சேத்துடலாம்."

"தனியார்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

"நான்தான். இப்ப அரசுப் பள்ளிக்கு ரெண்டு கால்லயும் நிக்கறேன். அங்க அந்த டீச்சரும் கிடையாது, புகாரும் கிடையாது. நம்ம புள்ளயப் பத்தி ஒருத்தருக்கும் தெரியாது."

டி.சி. கேட்டதும் 'நடத்தை: மிக நன்று' என்று எழுதியே கொடுத்துவிட்டார் தலைமை ஆசிரியர். அவ்வளவு நிம்மதி அவருக்கு.

அரையாண்டு லீவு முழுக்க வீட்டில் பயிற்சி நடந்தது.

"கண்ணு, இனிமே நீ கண்டக்டர் இல்ல, பயணி. உட்கார்ந்தா எழுந்திருக்கக் கூடாது."

"பக்கத்துல இருக்கறவங்க டிக்கெட் எடுக்கலைன்னா?"

"நமக்கு எதுக்கு வம்பு? ஜன்னலப் பாத்துக்கிட்டு இரு."

பள்ளி திறந்த அன்று, அரசுப் பள்ளி வகுப்பில் மகள் கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மனசு இதற்குத்தானே இத்தனை நாளாகத் தவித்தது.

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா அவரைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"கவலப்படாம போங்க தம்பி. இந்த வகுப்புக்குப் புது டீச்சர் வந்திருக்காங்க, ரொம்பக் கெட்டிக்காரங்க. முன்னாடி இருந்த தனியார் பள்ளிக்கூடத்துல ஏதோ ஒரு பொண்ணுகிட்டேருந்து தப்பிக்கறதுக்காகவே ராப்பகலா படிச்சு, பரீட்ச எழுதி, இந்த அரசாங்க வேலைய வாங்கினாங்களாம்."