பாக்கெட்டில் இரண்டு எடைக்கல்

"இன்னும் ஒண்ணரைக் கிலோ குறைஞ்சிருக்குங்க" என்றாள் மனைவி. அவளுக்கு வாயெல்லாம் பல்.

எடை இயந்திரத்தின் மேல் நின்றிருந்த தராசுக்காரரோ நம்பாமல் இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார்.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் அவரை மிரட்டி அனுப்பியிருந்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடை குறைய வேண்டும், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே பிஸ்கட், கேக் என்று எதையும் தொடக்கூடாது, பசித்தால் வெள்ளரிக்காயும் கேரட்டும்தான். அன்று முதல் மனைவி தினமும் ஒரு டப்பாவில் காய் நறுக்கிக் கொடுத்தாள். ஞாயிறு காலையில் அவரை நிறுத்தி எடை பார்த்துக் காலண்டரில் குறித்தாள்.

அந்த டப்பாவை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. தராசு பழுது பார்க்கும் அவருடைய பட்டறைக்குப் பக்கத்திலேயே பூட்டுக்காரர் கடை. காயெல்லாம் அவர் வயிற்றுக்குப் போய்விடும். எதிரே பேக்கரி. பதினோரு மணிக்கு ஆறு பிஸ்கட், நாலு மணிக்கு ஆறு பிஸ்கட். பேக்கரிக்காரம்மா அவருக்கென்று உள்ளேயிருந்து ஒரு ஜாடியை எடுத்து வருவாள். "இது உங்களுக்குன்னே தனியா வச்சது அண்ணே" என்பாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று அவர் உருகிப்போவார்.

ஆக, தினம் பன்னிரண்டு பிஸ்கட் தின்கிற மனிதன் இளைக்கக்கூடாது. இளைக்கிறான் என்றால், உள்ளேயிருந்து வேறு எதுவோ அவனைத் தின்கிறது.

இயந்திரம்தான் பொய் சொல்கிறதோ என்ற நப்பாசையில், பட்டறையிலிருந்து முத்திரை குத்திய எடைக்கற்களைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தார். ஐந்துக்கு ஐந்து காட்டியது. இருபதுக்கு இருபது காட்டியது. ஊரில் உள்ள தராசையெல்லாம் நேராக்கிக் கொடுத்தவருக்கு, நேராக இருந்த ஒரு தராசைப் பார்த்து அன்றுதான் அழுகை வந்தது.

மறுநாள் பூட்டுக்காரரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார். "நல்லா சாப்பிடறவன் எளைப்பானா?"

பூட்டுக்காரர் வெள்ளரிக்காயைக் கடித்தபடி யோசித்தார். "எங்க பெரிய மாமா அப்படித்தான். சாப்பிடச் சாப்பிட எளைச்சுக்கிட்டே போனாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. அவரு சைக்கிள இப்ப நான்தான் ஓட்டறேன்."

தராசுக்காரர் நேராக எதிரே பேக்கரிக்கு நடந்தார். எப்படியாவது எடையை ஏற்றியாக வேண்டும். அன்றே பன்னிரண்டு இருபதானது. பயத்தோடு மென்றபோதுதான் இன்னொன்று உறைத்தது.

"ஏம்மா, இதுல சக்கரையே தெரியலையே?"

"எப்பவும் இருக்கற மாதிரிதானே அண்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவருக்கு ரொட்டி எடுக்கப் போனாள்.

அப்படியென்றால் நாக்கும் போய்விட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பசியில்லை. காலையில் ஒரு தடவைக்கு மூன்று தடவை கழிப்பறை. ஒவ்வொரு அறிகுறியாக வந்து சேர, அவர் யாரிடமும் சொல்ல முடியாமல் வெந்துபோனார். மனைவியிடம் சொன்னால் டாக்டர். டாக்டரிடம் போனால் என்ன சாப்பிட்டாய் என்ற கேள்வி. அதற்குப் பதில் பிஸ்கட். சாவுக்கு ஒரு மடங்கு பயந்தார் என்றால் மனைவிக்கு இரண்டு மடங்கு பயந்தார்.

அடுத்த ஞாயிறு, எடை இறங்கியது வெளியே தெரியாமலிருக்க, கால்சட்டைப் பாக்கெட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அரைக்கிலோ எடைக்கல்லைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தில் ஏறினார். இளைத்த இடுப்பு ஒத்துழைக்கவில்லை. முள் நிற்பதற்குள் கால்சட்டை கீழே இறங்கி, கல் இரண்டும் தரையில் மோதி டங்கென்றன.

"என்னங்க இது?"

"எடைக்கல்லு."

"அது தெரியுது. எதுக்கு?"

"சும்மா. தொழில் மேல ஒரு பக்திதான்."

மனைவி கண்கொட்டாமல் பார்த்தாள். கால்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லிவிட்டார். "எனக்கு உள்ள என்னமோ ஆயிடுச்சும்மா. நாக்குல ருசியில்ல, பசியில்ல, உருகிக்கிட்டே போறேன். இன்சூரன்ஸ் பேப்பர் பீரோ மேல்தட்டுல இருக்கு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் அவள் அவர் கையை விடவில்லை. தனக்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்று நினைத்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கே. சக்கரைகூட நல்லா எறங்கியிருக்கு" என்றார் டாக்டர். "காய் வேலை செஞ்சிருக்கு."

தராசுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டார். "டாக்டர், அந்தக் காய நான் தொட்டதே இல்ல. தெனம் பிஸ்கட்தான். முதல்ல பன்னெண்டு. இப்ப இருபது."

இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. மனைவி தலையைக் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். டாக்டர்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நீங்க எளைச்சிருக்கவே கூடாதே. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

"வேண்டாம் டாக்டர், ஒரு வாரம் பாத்துட்டு வர்றோம்" என்றாள் மனைவி அவசரமாக.

தராசுக்காரருக்கு உயிரே போயிற்று. கோபத்தில் கைகழுவிவிட்டாள். செய்த பாவத்துக்கு இது வேண்டும். திரும்பும் வழியில் பேக்கரியைப் பார்த்ததும், அவள் எதிரிலேயே அந்தச் சனியனைத் தலைமுழுகிவிடுவது என்று படியேறினார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னொரு நாள் வரலாங்க. வீட்டுக்கு நடங்க."

அவர் கேட்கவில்லை. "இங்க பாரும்மா, இனிமே எனக்கு பிஸ்கட்டே..." என்று ஆரம்பித்தார்.

பேக்கரிக்காரம்மா அவரைக் கவனிக்கவேயில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க அண்ணி. ஜாடி காலியாயிடுச்சு, அண்ணன் இப்பல்லாம் இருபது சாப்பிடறாரு. நாளைக்கு அந்தச் சக்கரையில்லாத ஓட்ஸ் பிஸ்கட்டக் கொஞ்சம் கூடவே சுட்டுக் கொண்டாங்க."