வால்நட் பள்ளத்தாக்கு எட்டில் இருந்த ஆறு

"துணி காயப்போடுற மெஷினுக்குள்ள இது எப்படி வந்துச்சு, வெர்லின்?"

"எது?"

"இந்தத் தொப்பி. உன் தலைக்குத் தொப்பி, என் தலைக்குக் கல்லு."

"சும்மா ஒரு தொப்பி, மார்லிஸ்."

"சும்மா தொப்பியில காட்டெருமை வந்து நிக்குமா? அதுக்குக் கீழ 'மாபெரும் சமவெளிக் கூட்டமைப்பு'ன்னு தங்க நூல்ல எழுதியிருக்குமா?"

பக்கத்து வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த லெராய் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். புல்லுக்கு அவசரமில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து குரல் உயர்ந்து கேட்பது சூறாவளி எச்சரிக்கைக்கு அடுத்தபடியான பொதுச் செய்தி.

இந்த இடத்தில் ஒரு பேருண்மையைப் பணிவோடு சொல்லிவிட வேண்டும். மனிதகுலத்துக்கு ஒற்றுமையைக் கற்றுக்கொடுத்த அமைப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், ஐக்கிய நாடுகள் சபை எங்கோ நடுவில் வரும். முதலிடம் அயோவா மாநிலத்தின் 'வால்நட் பள்ளத்தாக்கு எட்டு' என்னும் சிறு கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்புக்கே. அதன் ஆணையர்தான், ஒரு கையில் தொப்பியும் மறு கையில் கணவனின் ஈரக் காலுறையுமாக நிற்கும் மார்லிஸ் டங்செத். கணவன் வெர்லின், கூட்டமைப்பின் உறுப்பான டோக்ஸ்டாட் கல்லூரியில் விளையாட்டுத் துறை இயக்குநர்.

எட்டு என்ற பெயரைப் பார்த்து எட்டுக் கல்லூரிகள் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். தொடங்கியபோது ஐந்துதான். மீதி மூன்றும் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பெரியவர்கள் பெயரை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். வந்தன, வந்தவை போயின. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகமாகி, பழைய நண்பர்களைத் தெரியாததுபோல் நடந்துகொண்டு விலகியது. பெண்கள் கல்லூரி ஒன்று கால்பந்துக்காகவே ஆண்களைச் சேர்த்தது. பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஒருவனுக்கு முழங்கால் பிசகியதும் கல்லூரியே மூடப்பட்டது. இரண்டு மாநிலம் தள்ளியிருந்த ஒரு கல்லூரியைச் சேர்த்ததற்கு அதனிடம் நல்ல பேருந்து இருந்ததைத் தவிர வேறு காரணம் யாருக்கும் நினைவில்லை. இன்னொரு கல்லூரி முதியோர் இல்லமாக மாறிவிட்டது. ஆனால் விலகுவதாக அது சொல்லவே இல்லை. சொல்லாத உறுப்பினரை நீக்க விதியில் வழியும் இல்லை. ஆகவே இன்றும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இல்லத்தின் வண்டி வந்து நிற்கும்; பெரியவர்கள் போர்வையோடு இறங்கி, இரண்டு அணிகளுக்கும் சேர்த்துக் கை தட்டுவார்கள்.

பெயரை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். பெயரை மாற்ற எட்டு வாக்குகள் வேண்டும். கூட்டமைப்பைக் கலைக்கவும் எட்டு வாக்குகள். வரலாற்றில் ஒரே ஒரு குளிர்காலத்தில் சரியாக எட்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுக் கூட்டம் பனிப்புயலில் நடக்காமல் போயிற்று.

இப்போது விளையாடும் கல்லூரிகள் ஆறு. ஆறு இருந்தால்தான் வெற்றிபெறும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். ஐந்தானால் அந்த இடம் போகும். இடம் போனால் கூட்டமைப்பு போகும். கூட்டமைப்பு போனால் மார்லிஸ் போவாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்ததெல்லாம் கைப்பந்து அட்டவணையும், நடுவர்களின் கோபமும், சோளம் உதிர்க்கும் இயந்திரத்தின் தங்க முலாம் பூசிய கைப்பிடியும்தான். அந்தக் கைப்பிடிதான் கூட்டமைப்பின் வெற்றிக் கோப்பை. இயந்திரத்தை எப்போதோ விலகிய கல்லூரி ஒன்று கையோடு கொண்டுபோய்விட்டது.

"எங்க காலேஜ் அந்தக் கூட்டமைப்புக்குப் போகுது. எங்க தரத்துக்கு ஏத்த கூட்டாளிங்க வேணாமா, மார்லிஸ்? ட்ரென்ட் அப்படித்தான் சொல்றாரு" என்றான் வெர்லின்.

"யாரந்த ட்ரென்ட்?"

"ஆலோசகர். நியூ ஜெர்சிக்காரர். ஷூவுக்குள்ள சாக்ஸே போட மாட்டாரு."

"கால்ல சாக்ஸ் இல்லாதவன் பேச்சைக் கேட்டு என் அடிமடியில கை வெக்கிறியா? சரி, அந்த மாபெரும் சமவெளியில வேற யார் யாரு இருக்காங்க?"

"தெரியாது."

"கேக்கலையா?"

வெர்லின் உண்மையாகவே அதிர்ந்துபோனான். "எப்படிக் கேக்கறது? கேட்டா, 'அந்த ஆளுங்க இருந்தா நான் வரல'ன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? மரியாதையா இருக்காது."

இங்கேதான் எங்கள் மக்களின் பண்பாட்டுச் சிகரம் தெரிகிறது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்பதில்லை. நல்லதும் கேட்பதில்லை, கெட்டதும் கேட்பதில்லை. வீடு தீப்பிடித்தால்கூட, "இன்னிக்குக் கொஞ்சம் வெக்கையா இருக்கில்ல?" என்றுதான் தொடங்குவோம்.

வெர்லினின் தலையணை அன்றைக்கே நிலவறைக்கு இடம்பெயர்ந்தது.

அடுத்த வாரம் வசந்தகாலக் கூட்டம். தீவனக் கடைக்கு மேலே இருக்கும் ஆணையர் அலுவலகத்தில் ஆறு கல்லூரித் தலைவர்களும் கூடினார்கள். வெர்லினின் தலைவரும் உண்டு. அவர் மார்லிஸின் காலணியைப் பார்த்தே பேசினார். நிகழ்ச்சி நிரலில் முதலாவதும் முக்கியமானதும் ருபார்ப் தண்டு போட்ட இனிப்புத் துண்டுகள். தட்டு காலியாகிக்கொண்டே வந்து, ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பவர் எங்கள் ஊரில் பிறந்தவராக இருக்க முடியாது. வான் ட்ரீல் கல்லூரித் தலைவர் டாக்டர் பிரெண்டா ஓஸ்டர்ஹவுஸ் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார். புனித லூட்மிலா கல்லூரித் தலைவர் ஃபாதர் ப்ரோஹாஸ்கா மீதியில் பாதியை வெட்டினார். அடுத்தவர் அதில் பாதி. கூட்டம் முடியும்போது தட்டில் ஒரு எறும்பின் காலை உணவு மட்டும் இருந்தது. ஆனாலும் இருந்தது. அதுதான் முக்கியம்.

தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறின. "இந்தக் கூட்டமைப்பின் பிரிக்க முடியாத பாசப் பிணைப்பைப் பாராட்டி" என்று தொடங்கிய தீர்மானத்தை ஃபாதர் முன்மொழிந்தார். டாக்டர் ஓஸ்டர்ஹவுஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வழிமொழிந்தார்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் விடைபெறுதல் தொடங்கியது. எங்கள் ஊரில் விடைபெறுதல் என்பது கூட்டத்தைவிட நீளம். அன்றைக்கு வழக்கத்தையும் தாண்டிவிட்டது. ஆறு பேரும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவரும் ஏறவில்லை. எல்லோருக்கும் மற்றவர்கள் முதலில் போக வேண்டும்.

"நீங்க கெளம்புங்க, ஃபாதர். மழை வர்ற மாதிரி இருக்கு."

"நீங்க முதல்ல, டாக்டர். உங்களுக்குத்தான் தூரம்."

வானத்தில் ஒரு மேகம் இல்லை.

கடைசியில் டாக்டர் ஓஸ்டர்ஹவுஸ், ஏதோ மறந்ததுபோல, மார்லிஸைப் படிக்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"மார்லிஸ் கண்ணு, உன்கிட்ட மட்டும் சொல்றேன். வான் ட்ரீல் விலகுது. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாங்க. குறிப்பா அந்த ஃபாதர். பாவம், எங்களை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் போனதும் ஃபாதர் வந்தார். "ரகசியம் காக்கறது உனக்குப் புதுசா என்ன, மகளே. லூட்மிலா வேற எடத்துக்குப் போகுது. அந்த ஓஸ்டர்ஹவுஸ் அம்மா தாங்க மாட்டாங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லு. அடுத்த வருஷம் சொன்னாக்கூடப் போதும்."

மூன்றாமவர் வந்தார், நான்காமவர் வந்தார், ஐந்தாமவர் வந்தார். கடைசியாக வெர்லினின் தலைவர் காலணியைப் பார்த்துக்கொண்டே வந்து, மார்லிஸுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னார். காருக்குத் திரும்பிய ஒவ்வொருவரின் பின்னிருக்கையிலும் மார்லிஸ் ஒன்றைக் கவனித்தாள். காட்டெருமை. தங்க நூல்.

அவள் அழுதிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு லெராயின் தங்கை தீவனக் கடை ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் அதற்காகத்தான் காத்திருந்தாள். மார்லிஸ் அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போய் நிலவறைப் படியில் நின்று கேட்டாள்: "வெர்லின், உங்க மாபெரும் சமவெளிக்கு ஆணையர் போட்டாச்சா?"

"இல்ல. ஆள் தேடறாங்களாம். ஏன்?"

"சும்மாத்தான்."

அந்த வேலையைக் கேட்டுக் கூப்பிட்ட அவளை ட்ரென்ட் கல்வர் தொலைபேசியிலேயே பாராட்டினான். அனுபவம் இருக்கிறதா என்றான். இருக்கிறது என்றாள். புதிய உறுப்பினர்களின் 'தனித்துவமான பண்பாட்டை'ப் புரிந்துகொள்ள முடியுமா என்றான். ஓரளவு முடியும் என்றாள். பிறகு அவள், எங்கள் ஊரில் யாருமே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். நேராகக் கேட்டாள்.

"அந்த ஆறு பேர் யாருன்னு நீங்க ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"மேடம், ஒருத்தர்கூடக் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். முதல் கல்லூரிக்குப் போனேன். 'எங்க கூட்டாளிங்க சரியில்ல'ன்னாங்க. ரெண்டாவதும் அதையேதான் சொன்னாங்க. அப்புறம் மத்ததுக்கெல்லாம் நான் பேச வேண்டியதே இல்லாமப் போச்சு. தொப்பியை மட்டும் குடுத்தேன்."

டி மொய்ன் நகர விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் 'தொடக்க மாமன்றம்'. மேடையில் காட்டெருமைப் படம். வட்ட மேசை. மார்லிஸ் முன்னதாகவே வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புத் தட்டை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஓஸ்டர்ஹவுஸ் தொப்பி அணிந்து கம்பீரமாக உள்ளே வந்தார். தொப்பி அணிந்த ஃபாதர் எதிர்க் கதவு வழியாக வந்தார். இரண்டு காட்டெருமைகளும் ஒன்றையொன்று பார்த்தன.

மற்ற ஊராக இருந்தால் இந்த இடத்தில் நாற்காலி பறந்திருக்கும்.

"வணக்கம்" என்றார் டாக்டர், கையை நீட்டி. "நான் பிரெண்டா ஓஸ்டர்ஹவுஸ். வான் ட்ரீல் கல்லூரி."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் ஃபாதர். "லியோ ப்ரோஹாஸ்கா. உங்க கல்லூரியைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்."

"நல்லதாத்தானே?"

"வேற எப்படி இருக்கும்?"

இருபது வருடம் ஒரே மேசையில் இனிப்பைப் பாதி பாதியாக வெட்டியவர்கள். மற்ற நால்வரும் வந்தார்கள், அறிமுகம் செய்துகொண்டார்கள், எந்த ஊர் என்று விசாரித்தார்கள். வெர்லினின் தலைவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, மேசையில் மார்லிஸைக் கண்டதும் மறுபடி காலணிக்குத் திரும்பினார்.

ட்ரென்ட் எழுந்து, "நாட்டிலேயே மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு கல்லூரிகள்" என்றான். ஆறு பேரும் கை தட்டினார்கள். ஆணையர் பதவிக்கு மார்லிஸின் பெயரைச் சொன்னான்.

"இவங்களுக்கு இந்த வட்டாரம் பழக்கமா?" என்று கேட்டார் ஃபாதர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

"ஓரளவு, ஃபாதர்" என்றாள் மார்லிஸ். "எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. கோப்பையை நான்தான் கொண்டுவருவேன்." பையிலிருந்து சோளம் உதிர்க்கும் இயந்திரத்தின் கைப்பிடியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அழகா இருக்கே" என்றார் டாக்டர் ஓஸ்டர்ஹவுஸ், அதைத் தடவிப் பார்த்தபடி. "பழங்காலத்துப் பொருளா?"

"ஆமா, டாக்டர். யாரோ விட்டுட்டுப் போனது."

நியமனம் ஒருமனதாக நிறைவேறியது. தட்டில் கடைசித் துண்டு பாதியானது, கால் ஆனது, அரைக்கால் ஆனது. ட்ரென்ட் அந்தத் தூளை அப்படியே அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அறையே மூச்சை நிறுத்தியது. அவன் எங்கள் ஊர்க்காரன் ஆக முடியாது என்பது அன்றைக்கு உறுதியாயிற்று.

அதனால்தானோ என்னவோ, அவன் ஆண்டு முடிவதற்குள் ஒஹாயோவுக்குக் குடிபோய், அங்கே ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது காலுறை போடுகிறானாம். லெராயின் தங்கை தீவனக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். ஜன்னல் அவளுக்கே சொந்தமாகிவிட்டது. வெர்லின் கூடைப்பந்துப் பருவம் முடியும்போது தலையணையோடு நிலவறையிலிருந்து மேலே வந்தான். தொப்பி இப்போது நாய்க்குட்டியின் படுக்கை.

பழைய கூட்டமைப்பு? அது சாகவில்லை. கலைக்க எட்டு வாக்குகள் வேண்டுமே. முதியோர் இல்லம் ஒன்றுதான் அதன் உறுப்பினர்; மார்லிஸ்தான் அதற்கும் ஆணையர். நூற்றாண்டுப் பாரம்பரியம், கூட்டமே கிடையாது, தகராறு செய்யும் கூட்டாளிகள் கிடையாது. இந்தச் செய்தி பரவி, போன வாரம் டாக்டர் ஓஸ்டர்ஹவுஸ் படிக்கட்டுக்குப் பின்னால் வந்து, அங்கே இடம் காலியாக இருக்கிறதா என்று மெல்ல விசாரித்தார். மறுநாள் ஃபாதர். பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவராக. உலகத்துக்கே ஒற்றுமையைக் கற்பித்தவர்கள் அல்லவா, ஆறு பேரும் சொன்ன நிபந்தனை ஒரு சொல்கூட மாறவில்லை:

"வர்றோம், மார்லிஸ். ஆனா அந்த அஞ்சு பேரை மட்டும் சேத்துடாத."