ரோசம்மாள் ஏரியில் கவிழ்ந்து எழுந்த படலம்

வாழ்க ரோசம்மாள்! பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் நாற்பது தரகர்களை ஒற்றைப் பார்வையால் ஓரங்கட்டியவளும், அடிக்கூடையில் ஒளித்த அழுகற் பழத்தை மூக்காலேயே கண்டறிந்து மண்டி அதிர முழங்கியவளும், லாரி ஹாரனைத் தன் குரலால் வென்றவளுமாகிய அவ்வீரமங்கைக்கு, முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் மட்டும் பயம். ஏழு வயதில் கிணற்றில் விழுந்து கயிற்றில் கட்டித் தூக்கப்பட்ட நாள் முதலாய், ஒகேனக்கல்லுக்கே போனாலும் அருவிக்கு முதுகு காட்டி நின்று, மீன் வறுவலை மட்டும் வென்று மீண்டவள் அவள்!

அவளுடைய ஒரே மகள் ஜாஸ்மினோ, தூத்துக்குடிக் கடலில் கயாக் என்னும் ஒல்லிப் படகோட்டக் கற்றுத்தருபவள். “நான் வேல செய்யற எடத்த ஒரு தடவ வந்து பாரும்மா. கரையில நின்னு இல்ல, கடலுக்குள்ள வந்து பாரு” என்று மூன்றாண்டுகளாய் அழைத்தாள். முதலாண்டு மூட்டுவலி, மறு ஆண்டு மழை என்று தட்டிக்கழித்த தாய், இவ்வாண்டு மகளின் குரல் போனில் கம்மியது கேட்டு, வாய் தவறிச் “சரி” என்றுவிட்டாள். அந்தச் சொல் ஆறும் முன்னே, கடலுக்கு முன் ஏரியில் பழக்கிவிட, வேன் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள் மகள்.

சனிக்கிழமைக் காலை, நல்லம்பள்ளிப் பக்கத்து ஏரியே போர்க்களம். செம்மஞ்சள் மிதவைச் சட்டையை மார்புக் கவசமாய்ப் பூண்டு, கணவர் ராஜப்பனின் டிராக் பேண்ட்டைத் தொடைக் காப்பாய் இறுக்கி, மாதாவை ஐந்து முறை விளித்து, படகின் குழிக்குள் அமர்ந்தாள் தலைவி. அமர்ந்ததும் இரு கைகளாலும் விளிம்பைப் பற்றினாள். உடும்பும் நாணும் பிடி அது!

“மொதல்ல கவுந்து பழவணும்மா” என்றாள், மார்பளவு நீரில் நின்ற ஜாஸ்மின். “கவுந்தா ஒண்ணும் ஆவாதுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சா பயம் தானா போயிரும்.”

“பெத்தவள கவுக்கறதுக்காடி உன்னப் படிக்க வெச்சேன்?”

அரை மணி நேரம் நடந்தது முற்றுகை. மூச்சை விடச் சொன்னாள் மகள், விட்டாள். தோளைத் தளர்த்தச் சொன்னாள்; தளர்த்தினாள். விரலைத் தளர்த்தச் சொன்னபோது மட்டும், கோட்டைக் கதவெனப் பத்து விரல்களும் இறுகின.

அந்நேரம், கார்முகிலொன்று கொம்பு முளைத்து நீரில் இறங்கியதோ என அஞ்சத்தக்க ஓர் எருமை, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, படகை நோக்கி நேரே நீந்தி வந்தது.

“அது ஒண்ணும் பண்ணாதுங்க அக்கா, சாது!” என்று கரையிலிருந்து அறிவித்தான் அதன் உரிமையாளன் முனியப்பன்.

சாதுவாவது, சன்னியாசியாவது! மண்டிக்குரல் விழித்தது. “ஏய்! ஏரி என்ன உங்கப்பன் வூட்டுதா? தள்ளிப் போ!” என்று கர்ஜித்து, அன்று முதன்முறையாக விளிம்பை விட்டுவிட்டு, துடுப்பை இரு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்கினாள். உலகம் புரண்டது. படகு கவிழ்ந்தது.

இருள். குளிர். மூக்கெல்லாம் பாசி. ஏழு வயதுக் கிணறு வாய் பிளந்து வந்தது. ஆனால் அது விழுங்குவதற்குள், கால்கள் குழியிலிருந்து தாமே வழுக்கி வெளிவர, மிதவைச் சட்டை அவளைத் தூக்கி வெயிலில் நிறுத்தியது. இருமினாள். கை காலைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. எருமை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மகள் நிமிர்த்திப் பிடித்த படகில் வயிற்றால் ஏறி இரு முறை சறுக்கி, மூன்றாம் முறை அரியணை கொண்டாள். துடுப்பால் நீரைக் கிழித்து, மறுகரை வரை அம்மகிடத்தைத் துரத்திக் கரையேற்றித் திரும்பினாள். வந்த வேகத்தில் ஆணையிட்டாள்: “இன்னொரு தடவ கவுடி!”

ஆறு முறை கவிழ்ந்தாள். ஆறாம் முறை சிரித்துக்கொண்டே எழுந்து, கரையும் ஏரியும் கேட்கப் பிரகடனம் செய்தாள்: “கடலுக்கு டிக்கெட் போடுடி!” ஜாஸ்மின் நனைந்த தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு ரோசம்மாள், காதுக்குள் போன தண்ணீர் வெளியே வருவதற்காக ஒற்றைக் காலில் குதித்தாள்.