மைக் அண்ணாச்சி தொலைத்த பிள்ளைகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் எங்கள் டீம் ஒரு கோல்கூட வாங்கவில்லை என்று நான் நம்பினேன். ஒரு மேட்ச் இரண்டு மேட்ச் இல்லை, முழுசாக நாலு மேட்ச். டீக்கடையில் உட்கார்ந்து, "உலகத்துலயே நல்ல கோல்கீப்பர் எங்கன இருக்கான் தெரியுமாவே? நம்ம பாக்டரி ரூம்ல பாய் விரிச்சுப் படுத்துக் கெடக்கான்" என்று சத்தியம் செய்திருக்கிறேன். கேட்டவர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்தார்களே தவிர ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரே காரணம் மைக் அண்ணாச்சி. கோவில்பட்டியில் அவரைவிடச் சத்தமாக வாழ்ந்த மனிதர் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் அவர் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லி முடிக்கட்டும் என்று தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மழை வந்தால் தன் துண்டால் ஆம்பிளிபயரைப் போர்த்திவிட்டு அவர் நனைவார். வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட கடையிலிருந்து ஹாரனில்தான் தகவல் போகும்: "அன்பார்ந்த இல்லத்தரசி அவர்களின் கவனத்திற்கு." மைக் கையில் இருந்தால் செந்தமிழ். கீழே வைத்துவிட்டால், "ஏலே, என்னலே பாக்க?"

தீப்பெட்டிக்கும் ஹாக்கிக்கும் பேர்போன ஊரில் எங்கள் தீப்பெட்டி பாக்டரி முதலாளிக்குக் கால்பந்துப் பித்து பிடித்தது தொண்ணூறுகளின் நடுவில். சும்மா பிடிக்கவில்லை. கடலோரத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் மாதச் சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து, பாக்டரிக்குப் பின்னால் தங்க வைத்து, மூன்று வேளை சோறு போட்டார். ஊர்க்காரன் ஒருத்தனாவது வேண்டும் என்று ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன் மாடசாமியைப் பின்வரிசையில் சேர்த்தார். அவன் பந்தைவிட ஆட்டை நன்றாகத் தடுப்பான். சுத்துப்பட்டு மில், பாக்டரி டீம்கள் எட்டு. புதன்கிழமைதோறும் சாயங்காலம் எங்கள் ஊர் மைதானத்தில் மேட்ச்.

முதலாளி மேட்ச் பார்க்கப் போக மாட்டார். தான் போனால் டீம் தோற்றுவிடும் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் மைதானத்திலிருந்து பாக்டரி வேப்பமரம் வரைக்கும் வயர் இழுத்து ஹாரன் கட்டச் சொன்னார். அவர் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்பார். பெட்டி அடைக்கிற பெண்கள் நாற்பது பேரும் குச்சியை அடைத்துக்கொண்டே கேட்பார்கள். பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசரான நான் பண்டல் எண்ணிக்கொண்டே கேட்பேன். புதன்கிழமை லோடு ஏற்றுகிற நாள். எனக்கு மைதானம் வாய்க்கவே இல்லை.

அண்ணாச்சிக்குக் கால்பந்து சுத்தமாகத் தெரியாது. கார்னர் கிக் அவருக்கு "மூலையடி". ஆப்சைடு வந்தால், "ஏதோ ஒரு விதியின்படி நடுவர் அவர்கள் கையைத் தூக்கியுள்ளார்" என்பார். ஆனால் அந்தக் குரல்! "இதோ, பந்து நமது வீரரின் பாதத்தில்! அதோ, சிட்டாய்ப் பறக்கிறார்! கோல் கம்பத்தை உரசி... உரசி... அடடா!" வேப்பமரத்துக்கு அடியில் நாற்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பந்து எல்லா மேட்ச்சிலும் கம்பத்தை உரசியே போனது. போகட்டும். எதிரணிக்காரனும் கோல் போட்டதாகத் தகவல் இல்லையே! பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தோல்வியே காணாத டீம்!

எனக்கு உறுத்திய ஒரே விஷயம், மைதானத்தில் ரொம்பப் பொருள் காணாமல் போனது. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் அண்ணாச்சி திடீரென்று குரலை இறக்கி, "ரசிகப் பெருமக்களின் கவனத்திற்கு. ஒரு சைக்கிள் சாவி காணவில்லை" என்பார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ரேஷன் கார்டு. மூன்றாவது மேட்ச்சில் ஒரு வெள்ளாடு. நாலாவது மேட்ச்சில் அடுத்தடுத்து நாலு பிள்ளைகள்.

பெட்டி அடைக்கும் பெண்களில் மூத்தவர் செல்லத்தாய் அக்கா. அவர் வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. அன்றைக்கு அவர் கை நின்றது. "ஏட்டி, இது பந்து வெளையாடுத எடமா, பிள்ளை புடிக்குத எடமா?"

நான் வேறு, "ஊர்ல கூட்டம் சாஸ்தியாயிட்டுக்கா. டீம் அப்படி ஆடுது" என்று விளக்கம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கொஞ்சம் பரிதாபமாக.

ஐந்தாவது மேட்ச். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். கையில் லேபிள் பசையோடு நிற்கிறேன். ஹாரனில் சாவி போயிற்று, குடை போயிற்று. அப்புறம் குரல் தழைந்தது: "ஒரு பெண் குழந்தை காணவில்லை. வயது ஐந்து. மஞ்சள் பாவாடை. முன்பல் ஒன்று இல்லை."

என் மகளுக்கு வயது ஐந்து. தீபாவளியிலிருந்து தினமும் மஞ்சள் பாவாடைதான் கட்டினாள். முந்தாநாள்தான் முன்பல் விழுந்தது.

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கால்கள் செய்தன. வீடு இருப்பது பாக்டரிக்குத் தெற்கே இரண்டாவது தெரு. அங்கே போய் எட்டிப் பார்த்திருக்கலாம். நான் வடக்கே மைதானத்துக்கு ஓடினேன். ஒரு செருப்பு பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிற்று, இன்னொன்றைக் கரிசல் சகதி வாங்கிக்கொண்டது. கூட்டத்தைப் பிளந்து நேராக ஆட்டத்துக்கு நடுவில் போய் நின்று, "ஏம் பிள்ளை! ஏம் பிள்ளை!" என்று கத்தினேன். ரெபரி விசிலை வாயிலேயே மறந்துவிட்டார். எதிரணி சென்டர் பார்வர்டு என் தோளைப் பிடித்து, "அழாதீங்க அண்ணே" என்றான். நான் அவன் பனியனெல்லாம் பசையாக்கினேன். அதற்குள் மேலே ஹாரன் முழங்குகிறது: "மைதானத்துக்குள் மர்ம நபர் ஒருவர் புகுந்துள்ளார்! அவரை உடனடியாக... ஏலே, நீயாலே?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக் மேஜைப் பக்கம் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் பக்கத்திலிருந்த கரும்பலகையைப் பார்த்தேன். சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருந்தது: எங்களுக்கு சைபர், அவர்களுக்கு மூன்று.

கேலரியில் எங்கள் ஊர்க்காரர்களே எழுந்து நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சு மேட்ச்சா ஒரு கோலு இல்ல, சம்பளம் ஒரு கேடு!" எதிர்ப்பக்கத்து ஆட்கள் நனைந்த தீக்குச்சியை உரசி உரசிக் காட்டினார்கள்: "தீப்பெட்டி நமுத்துப் போச்சுடோய்!"

அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "பாப்பா வீட்ல சொகமா இருக்கும்லே. நேத்து நீ கடைக்குக் கூட்டிட்டு வந்தேல்லா, அடையாளம் மனசுல நின்னுட்டு. கோலு விழுந்துச்சு, சொல்லிட்டேன்."

"கோலு விழுந்தா கோலுன்னு சொல்லணும் அண்ணாச்சி!"

"எப்படிலே சொல்ல? அங்கன மொதலாளி காதத் தீட்டிக்கிட்டு இருக்காவ. இத்தனை கோலு வாங்கிருக்கோம்னு தெரிஞ்சா டீம நாளைக்கே கலைச்சிருவாவ. இந்தப் பயலுவ எங்க போவானுவ? அந்தக் கோல்கீப்பர் பய சம்பளத்துலதான் அவன் தங்கச்சி படிக்கி." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒரு பொய்யும் சொல்லலலே. சாவி எங்கயாவது தொலைஞ்சிருக்கும்லா."

நேராக வீட்டுக்குப் போனேன். மகள் வாசலில் மிச்சப் பற்களால் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். பாக்டரிக்குத் திரும்பியதும் முதலாளி ஜன்னல் வழியாக, "என்னலே, மேட்ச் எப்படி?" என்றார். "உரசிக்கிட்டே போவுது மொதலாளி" என்றேன். இப்படியாக நானும் சதியில் சேர்ந்தேன்.

அடுத்த புதன்கிழமை முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "வண்டிய எடுக்கச் சொல்லு. இன்னைக்கு நானும் பாக்கப் போறேன்."

மனிதன் பதற்றத்தில் என்னென்ன செய்வான் என்பதற்கு நானே சாட்சி. அம்பாசிடர் பின்டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். "பஞ்சர் மொதலாளி!"

"நடந்து போவோம்."

"மழை வரும் மொதலாளி!"

"குடை இருக்குல்லா."

"நீங்க போனா டீமு தோத்துரும்னு..."

அவர் நின்று என்னைப் பார்த்தார். "இனிமேதான் தோக்கப்போவுதாலே?" என்றார். எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

மைக் மேஜைக்குப் பக்கத்திலேயே முதலாளிக்கு நாற்காலி போட்டார்கள். அண்ணாச்சியின் முகம் ஊறிய தீப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது. பத்தாவது நிமிஷமே எதிரணி முதல் கோலைப் போட்டது. அண்ணாச்சி பழக்கதோஷத்தில் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "ரசிகப் பெருமக்களின் கவனத்திற்கு, ஒரு..." என்று தொடங்கி, பக்கத்தில் பார்த்து, மைக்கைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லும்வே" என்றார் முதலாளி. "இன்னைக்கு என்ன தொலைஞ்சிது? நானும் ஜன்னல் பக்கம் உக்காந்து எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். இதுவரைக்கும் பதினாலு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"கேளும்வே. தோக்கட்டும், அது எனக்குப் பெருசில்ல. ஆனா ஒரு கோலுகூடப் போடாத டீம வச்சிக்கிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சி ஊருக்குள்ள நடக்க? இன்னைக்கு ஒண்ணு, ஒரே ஒண்ணு போட்டானுவன்னா டீமு இருக்கும். இல்லன்னா நாளைக்குக் காலைல அத்தனை பேரையும் பஸ் ஏத்தி விட்டுருதேன்."

இடைவேளைக்கு முன்னால் இரண்டாவது கோலும் விழுந்தது. அண்ணாச்சி ஹாரனில் ஒன்றும் தொலைக்கவில்லை. "எதிரணி, இரண்டு" என்று அவர் முதன்முறையாக உள்ளதைச் சொன்னார். பாக்டரியில் பெண்களெல்லாம் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்களாம். இவ்வளவு நாளும் அவர்களுக்கும் கணக்குத் தெரியும். செல்லத்தாய் அக்கா இரண்டாவது மேட்ச்சிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாராம். ஊரிலேயே நான் ஒருத்தன்தான் அப்பாவி.

நேரம் ஓடியது. ஆட்டக்காரர்களின் பூட்ஸில் கரிசல் அப்பி ஒவ்வொரு காலும் அம்மிக்கல் கனம் கனத்தது. பந்து விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. நான் நகம் கடித்து முடித்து விரலுக்கு வந்துவிட்டேன். அண்ணாச்சி மட்டும் விடவில்லை. "இதோ வருகிறது! மூலையடி! அனைவரும் கோல் கம்பத்தருகே! நமது மாடசாமி அவர்களும் ஏனோ அங்கே நிற்கிறார்!"

மூலையடி உயர வந்தது. அதைப் பார்த்த மாடசாமி பயந்து, தலையைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி நின்றான். பந்து அவன் முதுகில் 'தொம்' என்று மோதி, சகதியைத் தெறிக்கவிட்டு வலைக்குள் போயிற்று.

கோல்!

மைதானமே எழுந்தது. முதலாளி குடையைத் தூக்கி எறிந்தார். ஆனால் ஹாரன்? ஹாரனில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கிறேன். ஊரையே முப்பது வருஷம் தூங்கவிடாத மனிதர் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். ஒரு வார்த்தை வரவில்லை. வேப்பமரத்தடியில் நாற்பது பேர் காத்திருக்கிறார்களே என்ற பதற்றத்தில் மைக்கைப் பிடுங்கினேன். கோல் என்கிற சொல் எனக்கும் மறந்துபோயிற்று.

"கெடச்சாச்சு!" என்று கத்தினேன். "தொலைஞ்ச பிள்ளை கெடச்சாச்சு!"

உடனே பருத்திக் குடோனுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் பாக்டரியிலிருந்து கிளம்பியது குலவை. செல்லத்தாய் அக்கா தொடங்கி, நாற்பது பேரும் சேர்ந்து, மைதானம் வரைக்கும் கேட்கிற குலவை. ஹாரன் இல்லாமலே.

நான் மைக்கை அண்ணாச்சி கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த மேட்ச்சில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். சீசன் முடியும்போது எட்டு டீமில் ஏழாவது இடம். டீம் இருந்தது. அந்தக் கோல் விழுந்த அன்றைக்கு மைக்கை அணைக்க மறந்து அண்ணாச்சி விம்மி விம்மி அழுதது வேப்பமரம் வரைக்கும் கேட்டது.