ஆறு சர்வரும் சுதர்சனும்

சுதர்சன் இருதயராஜிடம் கடைசியாகக் கேட்டது, "மிர்ச்சி பஜ்ஜி உனக்கு ரெண்டா, மூணா?" என்பதுதான். மூன்றை வாங்கிக் கையில் திணித்துவிட்டு பாலாநகர் ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போனான். விடிகாலையில் மாரடைப்பு.

அவன் பார்த்துவந்த ஆறு கம்ப்யூட்டர் சர்வர்களும் இருதயராஜின் தலையில் விழுந்தன.

"எல்லாத்தையும் கையாலேயே செஞ்சு வச்சுட்டுப் போயிட்டான். ஆறும் ஆறு தினுசு," என்றார் முதலாளி வெங்கட். "திங்கக்கிழமை ஆடிட். ஆறையும் ஒரே மாதிரி வைக்கிற ஏதாவது ஒரு டூல்ல கட்டிப் போடு. முடியலைன்னா வெளியாளுக்குக் குடுத்துடுவேன். உனக்கும் இங்க வேலை இருக்காது."

"சுதர்சன் அப்படி விட்டுட்டுப் போற ஆளில்ல சார்."

"ஹவ், ஆமா, அதை ஆடிட்டர்கிட்ட சொல்லு."

சுதர்சனின் சர்வரில் நுழைந்தால், "வாங்க. எதையும் தொடுறதுக்கு முன்னாடி டீ குடிங்க" என்று வரும். அதை எடுத்துவிட்டு, "அனுமதியின்றி நுழைவது குற்றம்" என்று போட வேண்டும். பாஸ்வேர்ட் விதிகளையும் இறுக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரிலும் ஒரு காவல்காரனை உட்கார வைப்பதால் இருதயராஜ் பப்பெட் என்ற டூலைத் தேர்ந்தெடுத்தான். சாப்பிடப் போகும்முன் எல்லாம் சரியாக இருந்தது. மதியம் சாப்பிட்டு வந்தால், டீ குடிக்கச் சொன்னது.

தான்தான் தப்பாக எழுதிவிட்டோம் என்று பப்பெட்டைக் கழற்றி, வெளியிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றும் ஆன்சிபிளைப் போட்டான். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் டீ.

ரோஷம் வந்து இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டான்.

"அண்ணா, பாஸ்வேர்டை ஒரு நேரம் எடுத்துக்குது, ஒரு நேரம் துரத்துது!" என்று அக்கவுன்ட்ஸ் வர்ஷினி ஓடிவந்தாள். "பில்லே போட முடியல. வாசல்ல லாரி நிக்குது!"

வெங்கட் வந்து திரையை எட்டிப் பார்த்தார். திரை அவரையும் டீ குடிக்கச் சொன்னது.

"நக்கோ பாபு, நக்கோ! நீ செஞ்சது போதும், வேண்டாம்! நாளைக்கே வெளியாளைக் கூப்பிடுறேன்."

"ஒரு நிமிஷம் சார்." யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் சர்வரின் பதிவை இருதயராஜ் திறந்தான். மணிக்கு ஒரு தடவை யாரோ வெளியிலிருந்து உள்ளே வந்து, எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நுழைந்த பெயர், சுதர்சன்.

வர்ஷினி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஹாக்கர்!" என்றார் வெங்கட். "அவன் லேப்டாப்பை எவனோ திருடிட்டான். அவன் வீட்டுக்குப் போன் போடு, அப்புறம் போலீஸுக்கு!"

இருதயராஜ் போனை எடுத்தான். காரியம் முடிந்த பிறகு சுதர்சனின் மனைவி சுப்ரியாவிடம் பேசவே அவனுக்குத் தைரியம் வந்ததில்லை. ஸ்பீக்கரில் போட்டான்.

"சுப்ரியா, வந்து... சுதர்சனோட லேப்டாப் ஏதாவது திருட்டுப் போயிடுச்சாம்மா?"

"திருட்டா? இல்லண்ணா, கட்டில் பக்கத்துலதான் இருக்கு," என்றாள் அவள். "ஆபீஸ்ல இருக்கற ஆறையும் இதுதான் ஒரே மாதிரி வச்சிருக்கு, என்ன ஆனாலும் அணைச்சுடாதேன்னு சொல்லிட்டே இருப்பார். போன வாரம்கூட கரண்ட் போச்சு, நான்தான் மறுபடி போட்டுவிட்டேன். இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு."