மூன்று கிண்ணங்களும் ஒரு ஒயின் பாட்டிலும்

டொப்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. கிணற்றில் கூழாங்கல் விழுந்தால் வருமே, அதில் பாதி. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், மதுவிலக்கு அமலில் இருந்த ஆம்பூரில், எங்கள் தெருவில், அது சட்டப்படி குற்றம். அந்த ஒரு சத்தத்தை மறைக்க நாங்கள் நான்கு சத்தம் போட்டோம். ரேடியோவை உச்சத்தில் வைத்தோம். குழாயைத் திறந்து காலி அண்டாவில் தண்ணீர் விட்டோம். நான் குழவியால் வெறும் அம்மியை இடித்தேன். என் வீட்டுக்காரர் பக்தவச்சலம், பாட்டிலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தோல் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த குத்தூசியால் தக்கையை நெம்பியபடி உரக்க இருமினார். நான்கு சத்தமும் மூச்சு வாங்க நின்ற ஒரு நொடியில் தக்கை வெளியே வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நசீமுன்னிசா அக்காவின் குரல் கேட்டது.

“இன்னா அம்சவேணி, டியூப் வெடிச்சிச்சா?”

“ஆமாக்கா, சைக்கிள் டியூப்.”

“சமையக்கட்டுலயா சைக்கிள் வெச்சிருக்கே?”

பாட்டில் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் செலக்‌ஷன் மேஸ்திரி. பதனிட்ட ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, தடவிப் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. அவர் விரலுக்கு ஆம்பூர் முழுக்கப் பேர். தோலைத் தொட்டால் அந்த ஆடு எந்த வேலியில் உரசியது, யாரிடம் அடி வாங்கியது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்த வருடம் இத்தாலியிலிருந்து சரக்கு வாங்க வந்தவர் அவர் விரலைப் பார்த்து மகிழ்ந்து, ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் சிவப்பு ஒயினைக் கையில் கொடுத்து, விலையையும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருடைய மூன்று மாதச் சம்பளம்.

குடிக்க முடியாது. விரிஞ்சிபுரம் கோயிலில் வைத்துத் தன் அம்மா தாயாரம்மாளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர். விற்க முடியாது, போலீஸ். கொட்ட முடியாது, மூன்று மாதச் சம்பளம். பாட்டில் ஏழு வாரம் அரிசி டிரம்மில் கிடந்தது. படி போட்டு அரிசி அள்ளும்போதெல்லாம் அதன் கழுத்து இடிக்கும்.

எட்டாவது வாரம் அவருக்கு ஞானம் பிறந்தது.

“கறியில ஊத்திடு.”

“சத்தியம்?”

“குடிக்க மாட்டேன்னுதான் சத்தியம். கடிக்க மாட்டேன்னு சொல்லல. இத்தாலிக்காரன் ஊர்ல கறிக்கு ஒயின்தான் ஊத்துவாங்களாம். ஒயின் உசத்தின்னா கறியும் உசத்தி.”

“ஒரு மணி நேரம் கொதிச்சா எல்லாப் புளிப்பும் ஒண்ணுதாங்க.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“பி.ஏ. தெரியும்.”

“பி.ஏ. வேற, நாக்கு வேற.”

அந்தப் பி.ஏ. பற்றி ஒரு வார்த்தை. வேலூரில் படித்து நான் பட்டம் வாங்கியபோது என் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணச் சீராக வாங்கிய எவர்சில்வர் பாத்திரம் அத்தனையிலும் பேர் வெட்டச் சொன்னார். எஸ். அம்சவேணி, பி.ஏ. உளி வைத்து, புள்ளி புள்ளியாக. குடத்தில், அண்டாவில், கிண்ணத்தில், ஊறுகாய்க் கரண்டியின் காம்பில்கூட. பதினோரு வருடமாக என் படிப்பு பாத்திரங்களில்தான் இருந்தது. தினமும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பாத்திரம் நிறைய.

அந்த வாரம்தான் பெண்கள் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இங்கிலீஷ் டீச்சர் வேலை. திங்கட்கிழமைக்குள் வந்து சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். அவர் படித்துப் பார்த்து, மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற தகர டப்பாவில் போட்டு மூடினார்.

“மேஸ்திரி பொண்டாட்டி சம்பளத்துக்குப் போறான்னா ஷாப்புல இன்னா பேசுவானுங்க?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் பக்கத்துப் பேச்சு.

வெள்ளிக்கிழமை நான் ஆரம்பித்தேன்.

“ஏங்க, உங்க நாக்கு மேல அவ்ளோ நம்பிக்கையா?”

“சந்தேகமா?”

“மூணு கறி வைக்கிறேன். ஒண்ணுல ஒயின். ஒண்ணுல நசீமா அக்கா வீட்டு சிர்கா, அந்த வினிகர். ஒண்ணுல வெறும் புளித்தண்ணி. ஒயின் கறி எதுன்னு சொல்லிட்டீங்கன்னா, அந்த லெட்டரை நானே அடுப்புல போடறேன்.”

“சொல்லலேன்னா?”

“திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போறேன்.”

சிரித்தார். தோற்கப் போகிறவர்களுக்கென்றே ஒரு சிரிப்பு உண்டு. அது.

நான் எதை நம்பி இதில் இறங்கினேன் என்று சொல்லவேண்டும். என் வீட்டுக்காரருக்கு மூக்கு போய்விட்டிருந்தது. சுண்ணாம்புக் குழியும் ஊறல் தொட்டியும் இருக்கிற இடத்தில் பதினெட்டு வருடம் நின்றால் மூக்கு எத்தனை நாள்தான் வேலை செய்யும்? ஷாப் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் தெருவே ஜன்னலைச் சாத்தும். இவர் மட்டும், “இன்னாத்துக்கு சாத்தறே? நல்லாத்தானே காத்து வருது” என்பார். ஒருமுறை பரணில் எலி செத்து மூன்று நாள் கிடந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை மல்லிகைப் பூ வாங்கி வந்தால், பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய், “நல்ல வாசனை” என்று சொல்லித்தான் என் கையில் கொடுப்பார். நான் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. கை ஒடிந்தால் ஒடிந்தது என்று சொல்லலாம். மூக்கு போனதை ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? பி.ஏ.யில் அதற்குப் பாடம் இல்லை.

மூக்கு போனால் நாக்கில் பாதி போகும். அது அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் சனிக்கிழமை சாயங்காலம், பதினோரு வருடத்தில் முதல்முறையாக, சமையலறைக்கு வந்து பாத்திரம் துடைத்தார்.

“எந்தக் கறியை எந்தக் கிண்ணத்துல ஊத்துவே?” என்று கேட்டார். அடுத்த வீட்டு விசேஷத்தைப் பற்றிக் கேட்பதுபோல.

“ஒயின் கறி எங்க அப்பா குடுத்த பி.ஏ. கிண்ணத்துல. சிர்கா கறி நம்ம கல்யாணத்துக்கு ராஜகோபால் மாமா குடுத்த கிண்ணத்துல. புளிக் கறி உங்கம்மா கிண்ணத்துல.”

“சும்மாதான் கேட்டேன்.”

“சும்மாதான் சொன்னேன்.”

நான் வெங்காயம் உரித்தபடி திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழேயும் கட்டைவிரலை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்றிலும் பேர் வெட்டியிருக்கும். தாயாரம்மாள் நீளமான பேர். ராஜகோபால் அன்பளிப்பு இன்னும் நீளம். என் பேருக்குப் பின்னால் புள்ளி வைத்த இரண்டு எழுத்து. உதடு அசைந்தது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தக்கை வந்ததும், டியூப் வெடித்ததைப் பார்க்க நசீமா அக்கா பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

“தௌபா, தௌபா!” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஊறுகாய்க்குன்னு சொல்லித்தானே என்கிட்ட சிர்கா வாங்கினே?”

“அக்கா, ஒரு சாட்சி வேணும். நீங்க நில்லுங்க. திங்க வேணாம், தொட வேணாம்.”

அக்கா யோசித்தாள். “அந்த லெட்டர் விஷயமா?”

“ஆமா.”

“அப்போ நிக்கிறேன். ஆனா அந்தக் கிண்ணம் என் பக்கம் வரக்கூடாது. வந்தா பேஜார் ஆயிடும்.”

ஒரே கிலோ ஆட்டுக்கறி. மூன்று பங்கு. ஒரே மசாலா. மூன்று அடுப்பு. ஒயின் ஊற்றிய சட்டி மட்டும் கொஞ்ச நேரம் கத்திரிக்காய் நிறத்தில் கோபித்துக்கொண்டிருந்தது. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்ந்து அதைச் சமாதானம் செய்தன. ஒரு மணி நேரத்தில் மூன்று சட்டியும் அக்கா தங்கைகள் போல ஆகிவிட்டன.

பன்னிரண்டரைக்கு அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். குடியாத்தம் துண்டால் கண்ணைக் கட்டினேன். கட்டச் சொன்னதே அவர்தான்.

“நிறத்தைப் பாத்து சொன்னான்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. இறுக்கிக் கட்டு. அப்புறம், கிண்ணத்தை என் கையிலேயே குடு. தோலையே நான் கையில எடுத்துத்தான் சொல்வேன்.”

“உங்க இஷ்டம்.”

முதல் கிண்ணம். இடது கையில் வாங்கினார். கட்டைவிரல் விளிம்புக்குக் கீழே ஒரு முறை நடந்து போனது. அதற்குப் பிறகுதான் கறித்துண்டு வாய்க்குப் போனது. மென்றார். முகத்தைச் சுளித்தார்.

“ரிஜெக்ட்.”

“ஏன் தம்பி?” என்றாள் நசீமா அக்கா வாசல்படியிலிருந்து.

“சப்புனு இருக்குக்கா. உயிரே இல்ல. இது நாலணா புளி.”

இரண்டாவது கிண்ணம். விரல் நீளமாகப் போய் வந்தது.

“செகண்ட் செலக்‌ஷன். சிர்கா. அக்கா கைமணம் தெரியுது.”

அக்காவுக்குச் சந்தோஷம். “சரியாச் சொல்றாரே!” என்று என்னைக் கவலையோடு பார்த்தாள்.

மூன்றாவது கிண்ணம். விரல் போயிற்று. ஒரு புள்ளியில் நின்றது. இன்னொரு புள்ளியில் நின்றது. முகத்தில் தீபாவளி.

“தம்பி,” என்றாள் அக்கா, “மெல்றது வாயா, கட்டைவிரலா?”

அவர் காதில் விழவில்லை. ஒரு பெரிய கறித்துண்டை வாயில் போட்டு, தலையை அண்ணாந்து, நிதானமாக மென்றார். நடுவில், “எலும்பு” என்று எதையோ எடுத்துத் தட்டோரம் வைத்தார். மறுபடி மென்றார்.

“ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்! இதான் ஒயின். இத்தாலி வெயிலே இதுல இருக்குது. ஆறு மாசம் மண்ணுக்குள்ள குளிர்ந்த மாதிரி ஒரு... ஒரு இது. அம்சா, லெட்டரை எடு. அடுப்பு எரியுதில்ல?”

நான் துண்டை அவிழ்த்தேன்.

“நீங்க எலும்புன்னு வெச்சீங்களே, அதைப் பாருங்க.”

பார்த்தார். தட்டோரத்தில் பளபளப்பாக ஒரு புளியங்கொட்டை.

“ஒயின்ல புளியங்கொட்டை வராதுங்க.”

அவர் கொட்டையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூச்சுக்கூட விடாமல் சொன்னார்:

“அது எப்டி? பி.ஏ. கிண்ணத்துலதான் ஒயின் ஊத்தறேன்னு நேத்து நீதானே சொன்னே!”

நான் அவிழ்த்த துண்டை மடித்து வைத்தேன். 

நசீமா அக்கா மெல்லக் கேட்டாள். “தம்பி, கண்ணு கட்டித்தானே இருந்துது. பி.ஏ. எப்படித் தெரிஞ்சுது?”

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கூட இருந்தே காட்டிக்கொடுத்த தோஸ்தைப் பார்ப்பது போல.

“அப்போ ஒயின்?” என்றார்.

“அத்தை கிண்ணத்துல.”

“ரிஜெக்ட்னு சொன்னேனே, அதுவா?”

“அதுதான்.”

மூன்று மாதச் சம்பளத்தில் பாதி அந்தக் கிண்ணத்தில் இருந்தது. அவர் அதைத் தூக்கி, தாயாரம்மாள் என்ற பேரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

“நாக்கு சரியாத்தான் சொல்லிச்சு,” என்றார். “கைதான் ஏமாத்திடுச்சு.”

“ஆமாங்க,” என்றேன். மூக்கைப் பற்றி அன்றும் நான் பேசவில்லை.

அவர்கள் போனபிறகு மூன்றையும் நான் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு மூக்கு நன்றாகவே இருந்தது. ஒயின் கறி நன்றாகத்தான் இருந்தது. சிர்கா கறியும் அதே அளவு நன்றாக இருந்தது, ஒரு பிடி கூடவே என்றுகூடச் சொல்வேன். கொதிக்கிற சட்டியிலிருந்து முதலில் ஆவியாகிப் போவது விலைதான். மீதி ஒயினை அடுத்த இரண்டு ஞாயிறும் கறியில் ஊற்றித் தீர்த்தேன், சொல்லாமல். அவரும் கேட்காமல் சாப்பிட்டார். காலி பாட்டிலில் பத்து வருடம் நல்லெண்ணெய் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே வரும்போது அவர் வாசலில் நின்று நசீமா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான்தான்க்கா போகச் சொன்னேன். படிச்ச படிப்பு எதுக்கு வீணாவணும்?”

“ஆமா தம்பி,” என்றாள் அக்கா. “நீங்கதான் அந்தப் படிப்பை எழுத்து எழுத்தாத் தடவிப் பாத்தவராச்சே.”

அந்தப் பள்ளியில் நான் இருபத்துநாலு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். அவர் எண்பத்தொன்பதில் ரிட்டயர் ஆனார். அதன் பிறகு என் மதியச் சாப்பாட்டை அவரே சமைத்து, பி.ஏ. கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி, சைக்கிளில் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். பாதி நாள் சாதம் அடிப்பிடித்திருக்கும். அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

தொண்ணூற்றேழு ஆவணியில் அவர் இறந்துபோனார்.